பெட்டியில் உறங்கும் சரிகை

சென்ற இதழில் பள்ளிச் சீருடைகளைப் பேணும் முறை பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனையொட்டி, நம் தாய்மாரும் இளம்பெண்களும் அடிக்கடி எழுப்பும் மற்றொரு கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். சரிகைக் கரையிட்ட புடவை, பொன்னிழை ஓடும் சுரிதார், வெள்ளிபோல் மினுங்கும் செருப்பு, கைப்பை, கவரிங் நகை ஆகியவற்றைத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் என்று ஒதுக்கிவைக்க வேண்டுமா? வேலைக்கும் சந்தைக்கும் வாரநாள் பூசைக்கும் செல்லும்போது அணியலாமா? அணிந்தால் எதனோடு எது இணங்கும்?

இது வெறும் அலங்காரச் செய்தி என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் மாவட்டத்தில் அது வெறும் அலங்காரச் செய்தியாக ஒருநாளும் இருந்ததில்லை.

1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்வதற்கு முன் நாம் திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்கள். அந்நாட்டில் யார் எந்த உலோகத்தை அணியலாம், யார் எத்தகைய துணியை எவ்வாறு உடுக்கலாம் என்பதை அரசும் சாதி வழக்கமும் வரையறுத்திருந்தன. பித்தளை வளையும் பாசிமணியுமே பலருக்கு விதிக்கப்பட்டவை. பொன், வெள்ளி அணிகலன்கள் மீதிருந்த தடை ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில், 1818ஆம் ஆண்டு ஆணையால் நீங்கியது. உடையைப் பற்றிய தடை அத்துணை எளிதில் நீங்கவில்லை. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அணிய இசைவு கிடைத்தது. ஆயினும் தோளின்மேல் சீலை போடும் உரிமைக்காக நம் ஊர்களிலும் சந்தைகளிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அடிதடியும் அவமானமும் தொடர்ந்தன. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னர் 1859 ஜூலை 26 அன்று பிறப்பித்த ஆணையே ஓரளவு அமைதியைத் தந்தது.

அந்த ஆணையின் உள்ளடக்கத்தை நம் வாசகியர் அறிந்திருப்பது நல்லது. சாணார்ப் பெண்கள் குப்பாயம் அணியலாம்; அல்லது பருக்கன் துணியை, கடற்கரை முக்குவப் பெண்கள் கட்டுவதுபோலச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்; மேல்சாதிப் பெண்கள் உடுப்பதைப்போல மட்டும் உடுக்கலாகாது. அரசு உரிமை வழங்கியபோதும் துணியின் முரட்டுத்தன்மையை அளந்தே வழங்கியது. அதற்கு அளவுகோலாக நம் கடற்கரைத் தாய்மாரின் சேலைக்கட்டையே எடுத்துக்கொண்டது. மெல்லிய நேரியலும் அதன் விளிம்பில் ஓடும் கசவுக் கரையும் யாருக்கு உரியவை, யாருக்கு உரியவை அல்ல என்பதை ஓர் அரசாணை தீர்மானித்த மண் இது. இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் விரலகலச் சரிகைக் கரையோடு ஒரு பெண் நிற்கிறாள் என்றால், அவளுடைய பாட்டிக்குப் பாட்டி அவ்வாறு நின்றிருக்க இயலாது. ஆதலால் சரிகையைத் தொடவே கூடாத ஆடம்பரம் என்று ஒதுக்குவோரோடு நாம் உடன்படுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எடுத்து உதறிவிட்டு மீண்டும் பெட்டியில் பூட்டிவைப்போரோடும் உடன்படுவதில்லை.

இனி அந்த இழையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். உலோகத்தைத் துணியில் சேர்ப்பது பழமையான கலை. விடுதலைப் பயண நூலின் 39ஆம் அதிகாரத்தில், குருத்துவ உடைக்காகப் பொன்னைத் தகடாக அடித்து, அதை இழைகளாக வெட்டி, நீலமும் ஊதாவும் சிவப்புமான நூல்களோடு சேர்த்து நெய்த செய்தி வருகிறது. நம் நாட்டுச் சரிகையின் முறை சற்று வேறு. வெள்ளிக் கம்பியைச் சிறு துளைகளின் வழியே திரும்பத் திரும்ப இழுத்து மயிரிழையாக்குவர். அதைத் தட்டையாக நசுக்கி நாடாவாக்கிப் பட்டு நூலின்மேல் நெருக்கமாகச் சுற்றுவர். பின்னர் பொன்முலாம் பூசுவர். பெரும்பகுதி குஜராத்தின் சூரத் நகரிலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்தில் அரசு நிறுவனமான தமிழ்நாடு சரிகை ஆலையும் உண்டு. நெசவாளர் இதனை 'மார்க்' கணக்கில் வாங்குவர்; ஒரு மார்க் 242 கிராம். இதில் பொன்னின் எடை நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது என்பதைப் பலர் அறியார். மற்றவை வெள்ளியும் செம்பும் பட்டுமே. "தங்கச் சரிகை" என்ற சொல்லைக் கேட்டு மயங்குவோர் இதனை நினைவில் கொள்ளட்டும்.

அடுத்தது 'டெஸ்ட்' சரிகை. இது செம்புக் கம்பியின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்டது. மூன்றாவது, பாலியெஸ்டர்ப் படலத்தின்மேல் அலுமினியம் பூசி நுண்ணிய நாடாவாக வெட்டி எடுப்பது. 'லூரெக்ஸ்' என்ற பெயரில் 1946 முதல் அமெரிக்காவில் பரவிய இழையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கடையில் இன்று மினுங்கும் சுரிதார்களிலும் சால்வைகளிலும் பெரும்பாலும் காண்பது இதைத்தான். முந்தானையின் உட்புறம் தொங்கும் ஓர் இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் உண்மைச் சரிகை என்பது நெசவாளர் கைக்கணக்கு. படலமாக உரிந்தாலோ, தீயில் காட்டியதும் உருகிக் கட்டியானாலோ அது பிளாஸ்டிக்கு. மூன்றும் விற்கலாம், மூன்றும் உடுக்கலாம். ஒன்றை மற்றொன்றின் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

உண்மைச் சரிகைப் பட்டைப் பெட்டியில் பூட்டிவைப்பதால் அது காக்கப்படுகிறது என்று எண்ணுவோர் ஏராளம். வெள்ளியின் பகை காற்றிலுள்ள கந்தகம். அது பட்ட இடத்தில் வெள்ளி கறுக்கும். வியர்வையும் வாசனைத் திரவியமும் அதற்குத் துணைபோகும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்பீரம் வேறு. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இற்று, கரை தனியே நிற்கும். அவ்வப்போது உடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றிவைக்கும் புடவையே நெடுநாள் வாழும். பழைய வேட்டித் துணியில் சுற்றிவையுங்கள். பாச்சை உருண்டையைச் சரிகையின்மேல் படுமாறு போடாமல், உலர்ந்த வேப்பிலையையோ கிராம்பையோ சிறு துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டவே வேண்டாம். ரப்பரிலும் கந்தகம் உண்டு. இஸ்திரி போடும்போது சரிகையின்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

எதனோடு எதை இணைப்பது என்ற கேள்விக்கு மேல்நாட்டுப் பத்திரிகைகளைப் புரட்ட வேண்டியதில்லை. நம் மூத்த தலைமுறைப் பெண்களே போதிய விடை. காது தோள்வரை தொங்க, பாம்படமோ தண்டட்டியோ ஆட, வெள்ளை முண்டும் நேரியலும் உடுத்து, தலையில் கடவத்தோடு சந்தைக்குச் செல்லும் பாட்டிமாரை நம்மில் வயது முதிர்ந்தோர் கண்டிருப்பர். பாம்படம் திருவிழா நகையன்று. வயலுக்கும் விறகுக்கும் அதோடுதான் போனார்கள். உடம்பில் மின்னுவது அந்த ஓர் இடம் மட்டுமே. மற்றதெல்லாம் வெளுத்த பருத்தி. அந்த உலோகத்தின் கனமும் ஒளியும் அழகாகத் தெரிந்ததற்குக் காரணம் அதைச் சூழ்ந்திருந்த வெறுமையே. பின்னாளில் நாகரிகம் மாறியபோது எத்தனையோ பேர் வடித்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். அந்தக் காதுகளைக் கேலி செய்தவர்களின் பேத்திகள் இன்று நகைக்கடையில் அதே அளவு பெரிய தொங்கட்டான்களைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அதே பாடத்தைக் கசவு முண்டும் கற்பிக்கிறது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள பாலராமபுரம் இதற்குப் பெயர்பெற்ற ஊர். பாலராம வர்மா மன்னர் காலத்தில் (1798–1810) நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்துச்செல்லப்பட்ட சாலியர் நெசவாளர்களே அங்கே தறியை நாட்டினார்கள். ஆகவே அது நமக்கு அயலார் கலையன்று. முழங்கணக்கில் சாயமிடாத பருத்தி, ஓரத்தில் விரலகலப் பொன், அவ்வளவே. பகல் வெயிலில் கண்ணை உறுத்தாமலும் மாலை விளக்கில் மங்காமலும் இருப்பதற்கு அந்த விகிதமே காரணம்.

இந்த இரண்டையும் மனத்தில் கொண்டால் மற்றவை எளிது. மணமான பெண்ணின் கழுத்தில் தாலிச்சங்கிலி ஏற்கெனவே மஞ்சள் பொன்னாக இருக்கிறது. நாள்தோறும் அணியும் உலோகம் அது. கணக்கு அங்கிருந்தே தொடங்க வேண்டும். சரிகைக் கரையுள்ள புடவையாயின் ரவிக்கை வெறும் பருத்தியாக இருக்கட்டும். ரவிக்கை சரிகை நிறைந்ததாயின் புடவை கரையே இல்லாத கைத்தறியாக இருக்கட்டும். திருமணத்துக்குத் தைத்த கனத்த சரிகை ரவிக்கை ஒருநாள் அணிந்தபின் பெட்டிக்குள் போய்விடுகிறது. அதைப் பழுப்பு, கரும்பச்சை, மாந்தளிர் நிறப் பருத்திப் புடவையோடு ஞாயிறு பூசைக்கு அணிந்து பாருங்கள். புதிதாக எதுவும் வாங்கத் தோன்றாது. கல்லூரிக்குச் செல்லும் பெண்கள் பொன்னிழைச் சால்வையை வெறும் வெள்ளைச் சுரிதாரின்மேல் போடலாம். சால்வையும் மேற்சட்டையும் செருப்பும் ஒருங்கே மின்னினால் எதையும் பார்க்கத் தோன்றாது. பாலியெஸ்டர் மினுக்கு நண்பகல் வெயிலில் கண்ணாடித் துண்டுபோலத் தெறிக்கும். பகலில் மங்கிய பொன்னும், அந்தி சாய்ந்தபின் பளபளப்பும் என்று வைத்துக்கொள்வது நம் வெயிலுக்கு ஏற்றது.

பொன்னையும் வெள்ளியையும் ஒன்றாக அணியலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக அணியலாம். கழுத்தில் பொன்னும் காலில் வெள்ளிக் கொலுசுமாக நம் பெண்கள் நூற்றாண்டுகளாக நடந்திருக்கிறார்கள். எஃகுக் கடிகாரம் கட்டிய கையில் பொன்வளை கிடப்பதும் குறையன்று. கவனிக்க வேண்டியது நிறத்தின் சூடு. செம்பு கலந்த டெஸ்ட் சரிகைக்குப் பழம்பொன் நிறமும் குங்கும நிறமும் இணங்கும். வெள்ளிச் சரிகைக்கு நீலமும் சாம்பலும் வெள்ளையும் இணங்கும்.

வடசேரியில் செய்யும் கோவில் நகைகளைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளியில் உருவாக்கி, சிவப்புக் கற்களைப் பதித்து, பொன்தகட்டால் பொதியும் இந்நகைகள் நாகர்கோவிலின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றவை. ஆலயச் சிலைகளுக்காகவும் பரதநாட்டிய மேடைக்காகவும் வளர்ந்த கலை இது. தொலைவிலிருந்து விளக்கொளியில் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவை பெரியனவாக அமைந்தன. முழுத் தொகுதியையும் பூட்டிக்கொண்டு அலுவலகம் சென்றால் மேடைக்கு வழிதவறி வந்தவரைப்போலத் தோன்றும். ஒரு ஜிமிக்கி மட்டும், அதுவும் கழுத்தில் வேறு பதக்கம் இல்லாதபோது, கைத்தறிப் புடவைக்கு அத்தனை பொருத்தம்.

ஆண்களை விட்டுவிட்டோம் என்று மனைவியர் குறைகூற வேண்டாம். சரிகைக் கரை வேட்டி, பட்டுச் சட்டை, பொற்சங்கிலி, பொன்விளிம்புக் கண்ணாடி, சட்டைப்பையில் பொன்னிறப் பேனா என்று ஒரே நாளில் அனைத்தையும் அணிந்து வருவோர் திருவிழாச் சப்பரத்துக்குப் போட்டியாகின்றனர். வேட்டியில் சரிகை இருந்தால் சட்டை வெறும் வெள்ளையாக இருக்கட்டும்.

வேலையும் இடமும் சில இடங்களில் கட்டாயமாகவே தடுக்கும். செவிலியர் பணிநேரத்தில் மோதிரமும் வளையும் அணியலாகாது என்பது நோய்த்தொற்றைத் தடுப்பதற்கான விதி. நம் மாவட்டத்தில் அப்பணியில் இருக்கும் பெண்கள் மிகுதி என்பதால் சொல்கிறோம். அடுப்பருகே பாலியெஸ்டர்ச் சரிகைத் துணி வேண்டவே வேண்டாம். தீப்பற்றினால் உருகித் தோலோடு ஒட்டும். மலிவான கவரிங் நகைகள் சிலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். காதுமடலும் கழுத்தும் அரித்துச் சிவந்தால் எண்ணெய் தடவிக்கொண்டே அதை அணிவதை விடுத்து, நகையை மாற்றுங்கள். ஐரோப்பிய நாடுகள் 1994இலேயே தோலில் படும் பொருள்களின் நிக்கலுக்கு வரம்பு விதித்தன. முதல் நற்கருணை வாங்கும் சிறுமியரின் சட்டையில் மினுக்கு லேஸ் வைப்போர் உள்ளே மெல்லிய பருத்தி உள்துணி வைத்துத் தைக்கட்டும். கழுத்தைச் சொறிந்துகொண்டு பீடத்தின்முன் நிற்கும் குழந்தைக்கு அன்று வேறெதுவும் நினைவில் இராது.

கவரிங் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பவுன் விலை ஏழைக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தும், எத்தனை பவுன் என்ற கேள்வி நம் கத்தோலிக்க வீடுகளிலும் திருமணப் பேச்சில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்நிலையில் சிதம்பரம் கவரிங்கோ, வெள்ளியில் பொன்முலாமிட்டதோ அணிந்து மகிழ்ச்சியோடு வரும் பெண்ணைக் கோவில் முற்றத்தில் நிறுத்தி, கழுத்துச் சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்து, "இது தங்கமா, கவரிங்கா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கேட்பவர் அதை நலம் விசாரிப்பதாகவே எண்ணுகிறார். கேட்கப்பட்டவள் அடுத்த ஞாயிறு பின்வரிசையில் போய் உட்காருகிறாள். இவ்வாறு சிலர் பெருவிழாக்களுக்கே வராமல் நின்றுவிடுவதையும் நாம் அறிவோம். யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் அணிந்தவருக்கும் அழுக்குடை உடுத்த ஏழைக்கும் தொழுகைக்கூடத்தில் எங்கெங்கே இடம் தருகிறீர்கள் என்று கேட்டவர். அந்தக் கேள்வி இருக்கை காட்டும் ஆளுக்கு மட்டும் உரியதன்று. 1818க்கு முன் நம் முன்னோரின் கழுத்தை அதிகாரிகள் சோதித்தார்கள். அவ்வேலையை இன்று நாமே ஏற்றுக்கொள்வானேன்?

இதற்காகவும்தான் சரிகை சாதாரண நாளுக்கு இறங்கிவர வேண்டும் என்கிறோம். கோட்டாறு சவேரியார் திருவிழாவின் பத்து நாள்களில் மட்டும் எல்லாரும் எல்லாவற்றையும் அணிந்து வந்தால், இல்லாதவர் இல்லாதவராகப் பளிச்செனத் தெரிகிறார். ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கரைகள் மின்னிக்கொண்டிருந்தால் யாரும் யாரையும் அளக்கமாட்டார்கள். பீடத்திலுங்கூடப் பொன்னிழைத் திருவுடை பெருவிழாக்களுக்கே வருகிறது; ஆயினும் நாள்தோறும் கிண்ணத்தின் உட்புறம் பொன்முலாமாக மின்னத்தான் செய்கிறது.

கடைசியாக ஒரு சிக்கனக் குறிப்பு. "பழைய பட்டுப்புடவை, சரிகை வாங்குகிறோம்" என்று தெருவில் கூவி வருவோரிடம் இற்றுப்போன கல்யாணப் பட்டைக் கொடுக்குமுன் யோசியுங்கள். அவர்கள் வாங்குவது அதிலுள்ள வெள்ளிக்காக. டெஸ்ட் சரிகையாயின் கிடைப்பது மிகச் சொற்பம். உடல்துணி கிழிந்தாலும் கரை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். இரு கரைகளையும் முந்தானையையும் கவனமாக வெட்டியெடுத்து, ஓரத்தை மடித்துத் தைத்து, ஐந்தரை மீட்டர்ப் பருத்திப் புடவையின் கீழ்விளிம்பில் ஒரு கரையை மட்டும் வையுங்கள். துணியை முன்னரே நனைத்து உலர்த்திவிட்டால் பின்னர் சுருங்காது. மற்றொரு கரை அக்காள் தங்கையரில் இன்னொருத்தியின் புடவைக்கு ஆகும். முந்தானையில் இரண்டு ரவிக்கைகளுக்குக் கை வைக்கலாம்.